ஏழைக் குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்து அரசின் முடிவுவரை கொண்டுசெல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஊராட்சியிலோ வட்டாரத்திலோ வறுமைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகளிர் குழுக் கூட்டமைப்பினர், தன்னார்வலர்கள், ஊராட்சித் தலைவர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த அலுவலர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சில சுற்றுகள் இந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறேன். புதியவர்கள் அக்கறையோடுதான் வருகிறார்கள். அவர்கள் தடுமாறுவது வேலையின் வரிசையில். வந்த முதல் நாளே வினாப் படிவத்தை அச்சடித்துவிடுகிறார்கள். படிவம் இந்த வழிகாட்டியில் ஐந்தாம் படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய நான்கையும் தாண்டிப் போனால், கடைசியில் கையில் நிறையக் காகிதம் இருக்கும், அதை வைத்து எடுக்கக்கூடிய முடிவு ஒன்றும் இருக்காது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்கள்: ஓர் ஊராட்சிக்கு நான்கு பேர் போதும். இருவர் உள்ளூர் மகளிர் குழுவிலிருந்து வரட்டும். ஒருவர் கட்டாயம் காலனியையோ பழங்குடியினர் குடியிருப்பையோ சேர்ந்தவராக இருக்கட்டும். நான்காமவர் வெளியூர்க்காரராக இருப்பது நல்லது. உள்ளூரார் கேட்கக் கூசும் கேள்வியை வெளியூரார் கேட்பார், வெளியூராருக்குத் தெரியாத சந்துபொந்து உள்ளூராருக்குத் தெரியும்.

ஆவணங்கள்: ரேஷன் கடையின் குடும்ப அட்டைப் பட்டியல், அங்கன்வாடிப் பதிவேடு, கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடு, ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேடு, நூறு நாள் வேலை அட்டைப் பட்டியல். இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எதிலும் இல்லாத வீடு எது என்று கண்ணில் படும்.

கடிதம்: வட்டார வளர்ச்சி அலுவலரிடமிருந்து எழுத்துபூர்வமான கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எடுத்த பட்டியலைப் பிறகு எந்த அலுவலகமும் தன் கோப்பில் சேர்க்காது.

பருவம்: செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் ஆண்டின் முதல் பாதியில் ஊரில் இருப்பதில்லை. பூட்டிய வீட்டை ‘ஆளில்லை’ என்று எழுதினால், ஊரிலேயே மிகவும் வறிய குடும்பங்களை நாமே வெளியேற்றிவிடுகிறோம். ஆடி, ஆவணி மாதங்களில் எடுங்கள். முடியாவிட்டால் பூட்டிய வீடுகளுக்குத் தனிப் பட்டியல் வைத்து, அவர்கள் திரும்பியதும் போய்ப் பாருங்கள்.

1. எந்த முடிவு மாற வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

ஒரே வரி போதும். ‘இந்த வட்டாரத்தில் முதியோர் உதவித்தொகை கிடைக்க வேண்டியவர்களில் யார் விடுபட்டிருக்கிறார்கள், ஏன்?’ என்பது ஒரு கேள்வி. ‘கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் எந்தக் குடியிருப்புக்கு முன்னுரிமை?’ என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் வேண்டிய தகவல் வேறு, முடிவெடுக்கும் அலுவலரும் வேறு.

‘வறுமை நிலவரத்தை அறிய’ என்று பொதுவாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கேட்கத் தோன்றியதையெல்லாம் கேட்பீர்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு நம்மோடு உட்காரும் ஒருவரிடம், பயன்படுத்தப் போகாத கேள்வியைக் கேட்பது அநீதி.

2. ஏற்கெனவே உள்ள புள்ளிவிவரத்தை அதன் எல்லையோடு படியுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். பெரிய தவறுகள் பலவும் இங்கேதான் பிறக்கின்றன.

வருமானத்தைப் பார்க்காமல் உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றில் உள்ள பற்றாக்குறையை அளப்பது பல்பரிமாண வறுமைக் குறியீடு. நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட இந்தக் குறியீட்டின்படி, 2019-21 காலத்தில் தமிழ்நாட்டில் வறியவர்கள் 2.20 விழுக்காடு, இந்தியா முழுமைக்கும் 14.96 விழுக்காடு. 2024-25 நிதிநிலை அறிக்கையில் மிகவும் வறிய 5 லட்சம் குடும்பங்களை மீட்கும் தாயுமானவர் திட்டத்தை அறிவித்தபோதும் தமிழக அரசு இந்த 2.2 விழுக்காட்டையே சுட்டியது. எத்தனை பேர் என்பதற்கு இந்த எண் உதவும். அவர்கள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதற்கு உதவாது.

காரணம் எளிய கணக்கு. அந்தக் குறியீடு ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வைக் கொண்டு கணக்கிடப்பட்டது. அந்த ஆய்வு 707 மாவட்டங்களில் ஏறத்தாழ 6.37 லட்சம் வீடுகளுக்குச் சென்றது. சராசரியாக மாவட்டத்துக்கு 900 வீடுகள். அதில் 2.2 விழுக்காடு என்றால் சுமார் 20 வீடுகள். ஒரு மாவட்டத்துக்கு 20 வீடுகளை வைத்துக்கொண்டு எந்த ஒன்றியத்தில் வறுமை அதிகம் என்று சொல்லவே முடியாது. வறுமை பரவலாக இருக்கும் மாநிலத்தில் மாதிரி ஆய்வு ஓரளவு வழிகாட்டும். வறுமை சுருங்கிச் சில தெருக்களில் ஒதுங்கிவிட்ட இடத்தில், வீடு வீடாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அளவுகோலின் எல்லையையும் பாருங்கள். குறியீட்டில் பன்னிரண்டு அளவைகள் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் இல்லை. புரிவதற்காக மொத்த மதிப்பெண் 21 என்று வைத்துக்கொள்வோம். ஏழு மதிப்பெண்ணுக்குப் பற்றாக்குறை இருந்தால் அந்தக் குடும்பம் வறியது. இப்போது தனியாக வாழும் எழுபது வயது மூதாட்டி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டுப் படிப்பு இல்லை: மூன்றரை. விறகடுப்பு: ஒன்று. கழிப்பறை இல்லை: ஒன்று. மண் வீடு: ஒன்று. மொத்தம் ஆறரை. மின் இணைப்பு உண்டு, பக்கத்திலேயே குடிநீர்க் குழாய் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. அரசு கொடுத்த பழைய தொலைக்காட்சியும் ஒரு கைபேசியும் இருப்பதால் உடைமை அளவையிலும் பற்றாக்குறை இல்லை. ஊட்டச்சத்து அளவைக்குக் குழந்தைகளையும், முதுமைக்கு முந்தைய வயதுடைய பெண்கள், ஆண்களையும் மட்டுமே அளக்கிறார்கள். ஆகவே அவர் ஒருவேளைதான் சாப்பிடுகிறார் என்பது கணக்கில் வராது. அரை மதிப்பெண் குறைவு. அவர் வறியவர் இல்லை.

குறியீட்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மாநிலங்களை ஒப்பிட அது நல்ல கருவி. ஆனால் அந்த மூதாட்டியின் வாசலில் நிற்கும்போது அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டின் ஊரகப் பகுதியில் தலைக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். இவை சராசரிகள். கீழ்த்தட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு இவற்றை மேற்கோள் காட்ட வேண்டாம். 2011-இன் சமூகப் பொருளாதாரச் சாதிவாரிக் கணக்கெடுப்பில் பெயர்கள் இருந்தாலும் அன்று ஐந்து வயதுக் குழந்தை இன்று வேலைக்குப் போகிறது. அந்தப் பட்டியலை இன்றைய நிலையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதில் கேட்ட சில கேள்விகள் இன்றும் கூர்மையானவை: 16 முதல் 59 வயதுக்குள் ஆள் இல்லாத வீடா? உடலுழைப்புக்கு ஆளின்றி மாற்றுத்திறனாளி மட்டும் உள்ள வீடா? நிலமில்லாமல் கூலியை நம்பிய குடும்பமா? 25 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையா? இவற்றை ஐந்தாம் படிக்கு எடுத்து வையுங்கள்.

3. எல்லா அடுப்புகளையும் எண்ணுங்கள்

ஊராட்சியின் ஒவ்வொரு குக்கிராமத்தையும் காலால் நடந்து, தெருவாரியாக வரைந்து, வீடுகளுக்கு எண் இடுங்கள். ஏரிக்கரையில், புறம்போக்கில், தோப்புக் காவல் கொட்டகையில் இருப்பவர்களும் அதில் வர வேண்டும். வீட்டு வரிப் பதிவேட்டிலிருந்து பெயர்களைப் படியெடுத்தால் வரி கட்டாத குடிசை ஒன்றும் வராது.

குடும்பம் என்றால் ஒரே அடுப்பு. இதைக் குழுவினர் எல்லாரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும்வரை களத்துக்கு அனுப்பாதீர்கள். மகனின் மாடி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தாய் தனியே உலை வைத்தால் அது இரண்டு குடும்பம். முகவரி ஒன்று, ரேஷன் அட்டைகூட ஒன்றாக இருக்கலாம். ‘உங்கள் வீட்டில் எத்தனை பேர்?’ என்று கேட்டால் மகன் தாயையும் சேர்த்துச் சொல்வார். ‘எத்தனை அடுப்பு எரிகிறது?’ என்று கேளுங்கள்.

4. ஊராரே வரிசைப்படுத்தட்டும்

தமிழ்நாட்டில் முன்பு நடந்த ஊரக வறுமை ஒழிப்புத் திட்டமான புதுவாழ்வுத் திட்டத்தில் இதை ‘மக்கள் நிலை ஆய்வு’ என்றார்கள். மகளிர் குழுக்களில் மூத்தவர்கள் பலர் அதைச் செய்து பழகியவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் குழுவில் சேருங்கள்.

செய்முறை இது. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் தனிக் கூட்டம், அதிலும் பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. அதில் பெயர் வேண்டாம், வீட்டு எண் மட்டும் இருக்கட்டும். வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்து, அட்டைகளை நான்கு அடுக்காகப் பிரிக்கச் சொல்லுங்கள்: வசதி, நடுத்தரம், ஏழை, மிகவும் ஏழை.

வசதியானவர்களை முதலில் பிரியுங்கள், அடுத்து மிகவும் ஏழைகளை. நடுவில் உள்ள இரண்டும் கடைசி. இரு முனைகளிலும் ஊரார் விரைவில் ஒத்துப்போவார்கள், கூட்டத்துக்கு ஒரு நம்பிக்கை வரும். நடுவிலிருந்து தொடங்கினால் முதல் அரை மணி நேரத்திலேயே வாக்குவாதம் முற்றிவிடும்.

‘யார் ஏழை?’ என்று கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள். அதில் தவறு காண ஒன்றுமில்லை, பட்டியல் என்றாலே ஏதோ வரப்போகிறது என்று மக்களுக்குத் தெரியும். ஆகவே கேள்வி குறிப்பாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இல்லாத நாட்களில் எந்த வீட்டில் அடுப்பு எரியாது? இரவில் காய்ச்சல் வந்தால் ஆட்டோவுக்கு யாரிடமும் கைமாற்று வாங்க முடியாத வீடு எது? பதில் வரத் தாமதமாகும். அந்த அமைதியை நீங்கள் பேசி நிரப்பாதீர்கள்.

இடம் மிகவும் முக்கியம். ஒருமுறை எங்கள் குழு ஊரின் நடுவே ஒரு கோயில் மேடையில் கூட்டம் வைத்தது. காலனியிலிருந்து வந்த பெண்கள் மேடையில் ஏறாமல் தூரத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள். அன்று பிரித்த அட்டைகளை அப்படியே ஒதுக்கிவிட்டு, மறுநாள் அவர்கள் தெருவின் அங்கன்வாடியில் உட்கார்ந்து மீண்டும் செய்தோம். ‘மிகவும் ஏழை’ அடுக்கில் முதல் நாள் இல்லாத பல வீடுகள் இரண்டாம் நாள் வந்தன. அதன் பிறகு பொது இடத்தில் ஒரே கூட்டம் என்ற பேச்சுக்கே நான் இடம் கொடுப்பதில்லை.

ஆண்கள் கூட்டமும் பெண்கள் கூட்டமும் ஒரே வீட்டை வேறு வேறு அடுக்கில் வைத்தால் அந்த எண்ணைச் சிவப்பில் குறியுங்கள். பெரும்பாலும் அங்கே குடி, நோய், வெளியே சொல்லாத கடன் இருக்கும். அடுத்த படியில் முதலில் போக வேண்டியது அந்த வீடுகளுக்கே.

5. இப்போது படிவம்

கீழ் இரண்டு அடுக்கு வீடுகளுக்கும் சிவப்புக் குறியிட்ட வீடுகளுக்கும் மட்டும் போங்கள். 25 கேள்விக்கு மேல் வேண்டாம்.

மாத வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கூலிக் குடும்பத்துக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது, வாயில் வந்த எண்ணைத்தான் சொல்வார்கள். கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு, எந்த வேளை உணவைத் தவிர்த்தார்கள், யாருக்குத் தொடர்ந்து மருந்து தேவை, கடன் எவ்வளவு, வட்டி என்ன, ரேஷன் அட்டை எந்த வகை, எந்தச் சான்றிதழ் இல்லை என்று கேளுங்கள். நினைவில் நிற்கிற, சரிபார்க்கக்கூடிய கேள்விகள் இவை. அதிதீவிர வறுமையை ஒழிக்கும் திட்டத்துக்காகக் கேரளம் உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் என்ற நான்கையே அடிப்படையாகக் கொண்டது. நான்கு போதும் என்று ஒரு மாநில அரசே முடிவு செய்தது நமக்கு நல்ல பாடம்.

ஒரு கேள்வியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்: ‘இந்த நிலை எப்போது, எதனால் வந்தது?’ பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். எட்டாம் படி முழுவதும் இந்தப் பதிலை நம்பியே இருக்கிறது.

ஆதார் எண் வேண்டாம், ரேஷன் அட்டை எண் போதும். தொலைந்தால் தீங்கு செய்யும் தகவலை, தேவையில்லாதபோது வாங்கி வைக்கக் கூடாது. புறப்படுமுன் ‘இதனால் இன்னது கிடைக்கும்’ என்று எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள்.

6. சரிபாருங்கள்: விடுபட்டவர்களை முதலில்

பட்டியலில் இரண்டு வகைப் பிழை வரும். ஏழை விடுபடுவது ஒன்று, வசதியுள்ளவர் நுழைவது மற்றொன்று. அலுவலகங்கள் இரண்டாவதைத் தேடுவதிலேயே முனைப்பாக இருக்கும். என் கருத்தில் முதலாவதே கொடியது. வசதியுள்ளவர் நுழைந்தால் அரசுக்குக் கொஞ்சம் பணம் போகும். ஏழை விடுபட்டால் அந்த வீட்டில் உலை கொதிக்காது.

பட்டியலில் உள்ள வீடுகளில் பத்துக்கு ஒன்றுக்கு வேறு ஊராட்சிக் குழுவினர் மீண்டும் போகட்டும். பட்டியலில் இல்லாத வீடுகளிலும் குக்கிராமத்துக்குப் பத்து வீடு பாருங்கள். அதில் இரண்டு வறியவை என்று தெரிந்தால் அந்தக் குக்கிராமத்தில் நான்காம் படியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அரசுத் தரவுத்தளங்களோடு ஒப்பிடும்போது மிகுந்த கவனம் தேவை. தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவில் பேரனுக்கு ஒரு சென்ட்கூட இல்லாமல் இருக்கலாம். ஒரே மின் இணைப்பில் மூன்று குடும்பங்கள் ஓடலாம். ஒரே பெயரில் இருவர் இருக்கலாம். தெலங்கானாவில் பல தரவுத்தளங்களைக் கணினி வழியே இணைத்துப் பார்த்து லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகளை நீக்கினார்கள். நேரில் சென்று மீண்டும் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. கணினி சந்தேகம் எழுப்பலாம், பெயரை நீக்குவது நேரில் பார்த்த பிறகே என்று குழுவில் விதி வைத்துக்கொள்ளுங்கள்.

7. கிராம சபையில் வையுங்கள்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஆடி, ஆவணியில் கணக்கெடுத்தால் அக்டோபர் 2 சரியாக வரும். பட்டியலைப் பத்து நாள் முன்பே ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒட்டுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் மட்டும் ஒட்டினால், பார்க்க வேண்டியவர்கள் பார்க்க மாட்டார்கள்.

வீட்டு எண்ணும் குடும்பத் தலைவர் பெயரும் மட்டும் இருக்கட்டும். நோய், கடன், காரணம் எதுவும் சுவருக்குப் போகக் கூடாது.

விடுபட்டவர்கள் முறையிட வழி வையுங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்து, 1.06 கோடிப் பெண்கள் தேர்வானார்கள். மற்றவர்கள் மேல்முறையீடு செய்ய வாய்ப்பு தரப்பட்டது. அவ்வளவு பெரிய திட்டத்திலேயே அது தேவைப்பட்டது என்றால் நான்கு பேர் தயாரித்த பட்டியலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

8. காரணம் வாரியாகப் பிரியுங்கள்

பெயர்ப் பட்டியலை அப்படியே அனுப்பினால் அது மனுக்கட்டாகப் போய்ச் சேரும். அரசு விதியையும் நிதியையும் மாற்றக்கூடிய தகவலாக அது மாறுவது இந்தப் படியில்தான்.

‘எதனால் வந்தது?’ என்ற பதில்களை மேசையில் பரப்பிக் கட்டுகளாகப் பிரியுங்கள். பெரும்பாலும் இவை வரும். உழைக்க ஆளில்லாத வீடு. காகிதம் இல்லாத வீடு. நோயாலும் விபத்தாலும் கடனில் விழுந்த வீடு. உழைப்பு இருந்தும் வேலை நாள் போதாத வீடு. இவற்றைக் கலந்துவிடுவதால்தான், தனித்து வாழும் முதியவருக்கு ஆடு வளர்க்கக் கடன் கொடுப்பது போன்ற காரியங்கள் நடக்கின்றன. அவருக்கு வேண்டியது மாத உதவித்தொகையும் கதவருகே மருந்தும்.

காகிதம் இல்லாத கட்டைத் தனிக் கவனத்தோடு பாருங்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்காத இருளர் குடும்பங்களை வட மாவட்டங்களில் வேலை செய்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். பிள்ளையின் படிப்பு, தொகுப்பு வீடு, உதவித்தொகை எல்லாமே அந்த ஒரு காகிதத்தில் நின்றுவிடும். இதைத் தீர்க்க அரசுக்குப் பெருஞ்செலவு இல்லை, கோட்ட அளவில் ஒரு சிறப்பு முகாம் போதும். குறைந்த செலவில் அதிகக் குடும்பம் மீளும் கட்டு எது என்று காட்டுவதே இந்த வேலையின் மிகப் பெரிய பயன்.

ஒவ்வொரு கட்டுக்கும் செலவு போடுங்கள். உதவித்தொகை விடுபட்ட முதியோர் 70 பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,200 ரூபாய் வீதம் ஆண்டுக்கு ஒருவருக்கு 14,400, எழுபது பேருக்கு 10,08,000 ரூபாய். இந்த எண் இல்லாத கோரிக்கையை நிதித் துறை படிக்காது.

கேரளம் இதையும் ஒரு படி தாண்டியது. அடையாளம் கண்ட 64,006 குடும்பங்களுக்கும் தனித்தனியே திட்டம் எழுதியது. ஓர் ஊராட்சியில் ‘மிகவும் ஏழை’ முப்பது நாற்பது வீடுகள் என்றால் நம்மாலும் அதைச் செய்ய முடியும்.

9. இரண்டு பக்கக் குறிப்பு எழுதுங்கள்

முதல் பத்தியிலேயே என்ன வேண்டும், எத்தனை குடும்பத்துக்கு, என்ன செலவு, எந்தத் துறை என்று சொல்லிவிடுங்கள். அடுத்து, மாவட்ட ஆட்சியர் உத்தரவே போதுமா, அரசாணை திருத்தம் வேண்டுமா என்று பிரியுங்கள். முன்னதைத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்பினால் மாதங்கள் வீணாகும், பின்னதை ஆட்சியரிடம் கொடுத்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மாநில நிதிநிலை அறிக்கை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. துறைகள் தங்கள் மதிப்பீட்டை அதற்குப் பல வாரங்கள் முன்பே அனுப்பிவிடும். நவம்பருக்குள் உங்கள் குறிப்பு போய்ச் சேர வேண்டும். இணைப்பில் எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். பெயர்ப் பட்டியலை, அதைச் செயல்படுத்தும் அலுவலரிடம் மட்டும் ஒப்புதல் பெற்றுக் கொடுங்கள்.

10. ஆறு மாதத்தில் திரும்பிப் போங்கள்

வறுமையிலிருந்து மீண்டவர்களையும் புதிதாக விழுந்தவர்களையும் தனித்தனியே எண்ணுங்கள். 40 வீடு 35 ஆனது என்று மட்டும் எழுதினால், பத்து வீடு மீண்டு ஐந்து வீடு புதிதாக விழுந்தது மறைந்துபோகும். அந்த ஐந்தும் எதனால் விழுந்தன என்பதே அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான தகவல்.

இதற்காக ஒவ்வொரு அங்கன்வாடியிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வையுங்கள். சம்பாதிப்பவர் இறந்தார், விபத்து நடந்தது, பெரிய அறுவைச் சிகிச்சை, பள்ளியிலிருந்து பிள்ளை நின்றது என்று தெரியவந்த அன்றே தேதி, வீட்டு எண், நடந்தது என மூன்றையும் பணியாளர் எழுதட்டும். மாதம் ஒருமுறை மகளிர் குழுக் கூட்டத்தில் அந்த நோட்டைத் திறந்து, எழுதப்பட்ட வீடுகளுக்கு மறுநாளே ஒருவர் போய்ப் பார்க்கட்டும்.